எந்த பேங்க், எந்த கார்டு? சேலத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுவதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வதும் என் தொழில். கணக்கு நோட்டை மூடிவிட்டு எழுந்து போகிற நேரத்தில் பாதிப் பேர் கேட்பது வரியைப் பற்றி இல்லை, பேங்கைப் பற்றியும் கிரெடிட் கார்டைப் பற்றியும்தான். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எந்த பேங்குக்கும் நான் ஏஜென்ட் இல்லை. கட்டணங்கள் பேங்குக்கு பேங்க் வேறு, அவ்வப்போது மாறவும் செய்யும், அதனால் கையெழுத்துப் போடும் முன் அந்தக் கிளையிலேயே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பேங்க்ல கணக்கு ஆரம்பிக்கணும்னா முதல்ல எதைப் பாக்கணுங்க?

உங்கள் கைக்குக் காசு எப்போது வருகிறது, எந்த உருவத்தில் வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சேமிப்புக் கணக்கு வட்டியில் அரை சதவீதம் கூடக் குறைய இருப்பதெல்லாம் அப்புறம்.

உருக்காலையிலோ அரசு அலுவலகத்திலோ வேலை பார்ப்பவருக்கு மாதம் ஒரு தேதியில் சம்பளம் கணக்கில் ஏறிவிடும். அவருக்குக் கிளை எங்கே இருந்தாலும் பெரிய கஷ்டம் இல்லை, ஆப் ஒழுங்காக வேலை செய்தால் போதும். அம்மாபேட்டையிலோ கொண்டலாம்பட்டியிலோ தறி ஓட்டுபவருக்குக் கூலி சனிக்கிழமை சாயங்காலம் ரொக்கமாக வருகிறது. மாதத்தில் 2-வது, 4-வது சனி பேங்க் லீவு, மற்ற சனிக்கிழமையும் கூலி கைக்கு வரும்போது கவுண்டர் மூடியிருக்கும். அவருக்குப் பணம் போடுகிற மிஷின் எந்தத் தெருவில் இருக்கிறது, அது ராத்திரி வேலை செய்யுமா என்பதுதான் முக்கியம். கொலுசுப் பட்டறைக்காரருக்கு வரவு ஆர்டரைப் பொறுத்தது: தீபாவளிக்கு முன்னால் கை நிறைய வரும், ஓய்ந்த மாதத்தில் ஒன்றும் இருக்காது. அவருக்குத் தேவை அவசரத்துக்கு ஓவர்டிராஃப்டோ (இருப்புக்கு மேல் எடுத்துக்கொள்ளும் கடன்) நகைக்கடனோ அன்றைக்கே கொடுக்கும் கிளை. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவருக்கு அறுவடை முடிந்து சரக்கு விற்றால்தான் வருமானம், வருடத்தில் ஒரு தடவை.

இந்த நாலு பேரும் ஒரே பேங்கில் ஒரே மாதிரிக் கணக்கு வைத்தால் மூன்று பேருக்காவது அது பொருந்தாது. கார்டு விஷயத்துக்கும் இதேதான், கீழே வருகிறேன்.

எங்க அப்பா காலத்துல இருந்து ஒரே பேங்க். மாத்தலாமா?

மாற்ற வேண்டிய அவசியம் இல்லை, இன்னொன்று கூடுதலாக வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் பேங்கைத் தேர்ந்தெடுப்பதே இல்லை, அப்பா வைத்திருந்தார், கம்பெனி திறந்து கொடுத்தது, கல்லூரியில் உதவித்தொகைக்காக ஆரம்பித்தது, அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். பழைய கணக்குக்கு ஒரு மதிப்பு உண்டு. பத்து வருடப் பற்று வரவு அங்கே பதிவாகி இருக்கிறது, நாளைக்குக் கடன் கேட்டால் மேனேஜர் அதைத்தான் புரட்டிப் பார்ப்பார்.

ஆனால் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். பாஸ்புக்கில் பிடித்தம் ஒன்று புரியவில்லை என்று வையுங்கள். அந்தக் கிளைக்குப் போய்க் கேட்டால் உட்கார வைத்துத் திரையைத் திருப்பிக் காட்டி விளக்குகிறார்களா, அல்லது கஸ்டமர் கேருக்கு போன் பண்ணுங்க என்று அனுப்புகிறார்களா? நான் யாருக்கு பேங்க் சொன்னாலும் இதைத்தான் முதலில் சொல்வேன். எல்லாம் நன்றாக ஓடும்போது எல்லா பேங்கும் ஒன்றுதான், பணம் மாட்டிக்கொண்ட அன்றைக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா என்பதில்தான் வித்தியாசம்.

அரசு பேங்க், தனியார் பேங்க், கூட்டுறவு, ஸ்மால் ஃபைனான்ஸ்னு இத்தனை இருக்கே, எதுல போட்டா பணம் பத்திரம்?

ரிசர்வ் வங்கி உரிமம் பெற்ற எந்த பேங்காக இருந்தாலும், அசலும் வட்டியும் சேர்த்து ஒரு ஆளுக்கு ஒரு பேங்கில் 5 லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரிக்கு முன்னால் இது வெறும் 1 லட்சமாக இருந்தது. ஒரே பேங்கில் நாலு கிளையில் பிரித்துப் போட்டாலும் மொத்தத்துக்கும் 5 லட்சம்தான், வேறு வேறு பேங்கில் போட்டால்தான் தனித்தனியாகக் கணக்காகும். சேலம் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கிக்கும், நம் ஊரையே தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கிக்கும் (பாண்டியன் கிராம வங்கியும் பல்லவன் கிராம வங்கியும் 2019-ல் சேர்ந்து உருவானது), அதிக வட்டி தரும் ஸ்மால் ஃபைனான்ஸ் பேங்குகளுக்கும் இதே காப்பீடுதான்.

பேங்க் தடுமாறினால் என்ன ஆகும் என்பதை நாம் பக்கத்திலிருந்தே பார்த்திருக்கிறோம். கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியில் 2020 நவம்பர் 17 அன்று, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று கட்டுப்பாடு வந்தது. பத்து நாளில் அதை டிபிஎஸ் வங்கியோடு இணைத்துவிட்டார்கள். டெபாசிட் போட்டவர்கள் பணம் முழுசாகத் தப்பியது, ஆனால் அந்த வங்கியின் பங்கை வாங்கி வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது, தொழில் நடத்துபவர் எல்லா வரவு செலவையும் ஒரே பேங்கில் வைக்கக் கூடாது என்பது. பத்து நாள் பணம் எடுக்க முடியாவிட்டால் கூலி கொடுப்பது எப்படி?

ஊர்ல இருக்கிற வேளாண்மை கூட்டுறவு சங்கத்துல போட்ட டெபாசிட்டுக்கும் அந்த 5 லட்சம் உண்டா?

கிடையாது. தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கம் பேங்க் இல்லை, அந்தக் காப்பீட்டுக்குள் வராது. நகைக்கடன், பயிர்க்கடன் வாங்க நல்ல இடம், ஓய்வுப் பணம் முழுவதையும் கொண்டுபோய் வைக்கிற இடம் இல்லை. தனியார் நிதி நிறுவனங்களுக்கும் இந்தக் காப்பீடு இல்லை.

மினிமம் பேலன்ஸ் இல்லைன்னு பிடிச்சுக்கிட்டே இருக்காங்க. என்ன பண்றது?

எஸ்பிஐ இந்த அபராதத்தை 2020-லேயே எடுத்துவிட்டது. கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-ல் எடுத்தன. தனியார் பேங்குகள் பலவற்றில் இன்னும் உண்டு. நீங்கள் இருக்கிற பேங்கில் இருந்தால், அங்கேயே அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றிக் கொடுங்கள் என்று எழுதிக் கேட்கலாம். அதற்குக் குறைந்தபட்ச இருப்பே கிடையாது. அப்படி ஒரு கணக்கு இருப்பதை கவுண்டரில் தாங்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் கொடுத்தாக வேண்டும். ஒரு நிபந்தனை, அதே பேங்கில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கக் கூடாது.

இன்னொன்று: இருப்பு குறைந்ததற்கான அபராதத்தைப் பிடித்துப் பிடித்து உங்கள் கணக்கை மைனஸில் கொண்டுபோக பேங்குக்கு அனுமதி இல்லை. அப்படிப் போயிருந்தால் சண்டை போட உங்களுக்கு உரிமை இருக்கிறது.

லாக்கர் கேட்டா பெரிய தொகையை டெபாசிட் போடச் சொல்றாங்களே?

வெள்ளித் தொழில் நடக்கிற ஊர், லாக்கருக்கு எப்போதும் தட்டுப்பாடு, அதனால் கேட்கிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி மூன்று வருட வாடகையும், அவசியம் வந்தால் லாக்கரை உடைத்துத் திறக்கிற செலவும் அடங்குகிற அளவுக்கு மட்டும்தான் டெபாசிட் கேட்கலாம். இன்சூரன்ஸ் பாலிசி எடுத்தால்தான் லாக்கர் என்று சொன்னால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், தர மாட்டார்கள். திருட்டு, தீ, ஊழியர் மோசடி என்று நடந்தால் பேங்க் தர வேண்டியது வருட வாடகையைப் போல 100 மடங்கு வரை. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். உள்ளே இருப்பது அதற்கு மேல் என்றால் அதற்குத் தனியாகக் காப்பீடு பார்த்துக்கொள்ளுங்கள்.

எஃப்டி போடப் போன எங்க அம்மாவுக்கு ஏதோ பாலிசி போட்டு அனுப்பிட்டாங்க.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும். வயதானவர்கள் பேங்க் என்ற பெயரை நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள், வருடா வருடம் கட்ட வேண்டும் என்பதே அவர்களுக்கு அடுத்த வருடம்தான் தெரிகிறது. பாலிசிப் பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் சிறு பிடித்தம் போகப் பணம் திரும்ப வரும். அதனால் அம்மா பேங்குக்குப் போய்வந்த அன்றே காகிதத்தை வாங்கிப் பாருங்கள். டெபாசிட் ரசீதில் முதிர்வுத் தேதியும் வட்டி விகிதமும் இருக்கும், பிரீமியம் என்ற வார்த்தை இருக்கவே இருக்காது. அப்படியே நாமினி யார் என்றும் பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம்.

நாங்க ஏற்காட்டுல மலைக்கிராமம். எங்களுக்கு எந்த பேங்க்?

மேலே டவுனில் கிளை உள்ள பேங்க், அவ்வளவுதான். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலத்துக்கு வந்து ஒரு கையெழுத்துக்காக ஒரு நாள் கூலியை இழப்பதற்கு எந்த வட்டியும் ஈடாகாது. டவுனில் இருக்கிற ஏடிஎம்மையே நம்பியும் இருக்காதீர்கள், கோடை விழா சமயத்தில் டூரிஸ்ட் கூட்டத்தில் காசு சீக்கிரம் தீர்ந்துவிடும். வேறு பேங்க் ஏடிஎம்மில் நம் பகுதியில் மாதம் ஐந்து தடவை இலவசம், அதற்கு மேல் ஒவ்வொரு தடவைக்கும் 23 ரூபாய் வரை பிடிக்கலாம்.

சிக்னல் விஷயத்தையும் யோசியுங்கள். ஓடிபி வர வேண்டிய நேரத்தில் வராமல், வீட்டுக்கு வெளியே மேட்டில் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடிக்கிற ஊர்கள் அங்கே இருக்கின்றன. உங்கள் வீட்டில் எந்த கம்பெனி சிம் எடுக்கிறதோ அந்த நம்பரையே பேங்கில் கொடுங்கள், மகன் பெங்களூரில் இருக்கிறான் என்று அவன் நம்பரைக் கொடுக்காதீர்கள்.

சரி, கிரெடிட் கார்டு எனக்கு வேணுமா?

மாதா மாதம் ஒரு தேதியில் உங்களுக்குப் பணம் வந்தாக வேண்டும், அந்தப் பணம் கார்டு பில்லின் கடைசித் தேதிக்கு முன்னால் வந்தாக வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் கார்டு நல்ல சாதனம். வட்டியில்லாமல் 20 முதல் 50 நாள் வரை அவகாசம், பெட்ரோலுக்குக் கூடுதல் கட்டணத் தள்ளுபடி, ஆன்லைனில் வாங்கிய பொருள் வராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்க வழி, கடன் வரலாறு எல்லாம் கிடைக்கும்.

இந்த இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். கார்டின் கடிகாரம் மாதச் சம்பளக்காரனுக்காகச் செய்தது. வாரக்கூலிக்காரருக்குச் சனிக்கிழமை வருகிற காசு புதன்கிழமைக்குள் மளிகைக்கும் தண்டலுக்கும் போய்விடும், மாதக் கடைசியில் மொத்தமாக 8,000 எடுத்து வைக்க முடியாது. காப்பிக்காரருக்கு பில் பன்னிரண்டு தடவை வரும், வருமானம் ஒரு தடவை. பட்டறைக்காரருக்கு ஓய்ந்த இரண்டு மாதம் போதும், கார்டு பாக்கி கழுத்துக்கு வந்துவிடும். இவர்கள் யாரும் செலவாளிகள் இல்லை, இரண்டு கடிகாரமும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

யுபிஐயில் ஸ்கேன் பண்ணிக் கொடுக்கும்போது பணம் இருப்பில் இருந்து போகிறது, இருப்பு தீர்ந்தால் நின்றுவிடும். கார்டில் நிற்காது. நாலு ரோட்டில் துணிக்கடையில் 3,000 ரூபாய்க்கு வாங்க நினைத்துப் போய் 5,500-க்கு பில் போட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். கார்டு வாங்கும் முன் ஒரு மூன்று மாதம் உங்கள் யுபிஐ செலவை எழுதிப் பாருங்கள், மாதக் கடைசியில் கையில் மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மினிமம் கட்டினா போதும்னு சொல்றாங்களே, அப்புறம் என்ன பிரச்சினை?

இந்தப் பக்கத்திலேயே இதுதான் முக்கியமான கேள்வி, அதனால் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

கார்டு பில்லைத் திறந்தால் மேலேயே மூன்று விவரம் இருக்கும்: கட்ட வேண்டிய மொத்தத் தொகை, குறைந்தபட்சத் தொகை, கடைசித் தேதி. ஆப்பில் பணம் கட்டப் போனால் பல சமயம் இந்த மொத்தமும் குறைந்தபட்சமும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பட்டனாக இருக்கும்.

மே 5-ஆம் தேதி 40,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜும் வாஷிங் மிஷினும் வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். மே 15 பில் தேதி, ஜூன் 4 கடைசித் தேதி. கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம். ஜூன் 4 அன்று மினிமம் 2,000 மட்டும் கட்டுகிறீர்கள். முழுசாகக் கட்டாததால் வட்டியில்லா அவகாசம் ரத்து, வட்டி ஜூன் 4-இலிருந்து இல்லை, வாங்கிய மே 5-இலிருந்தே ஓடும். 40,000-க்கு 30 நாள் வட்டி சுமார் 1,380 ரூபாய். மீதி 38,000-க்கு அடுத்த பில் தேதியான ஜூன் 15 வரை 11 நாள் வட்டி சுமார் 480. இந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, அது ஒரு 335. ஆக, ஜூன் 15 பில்லில் நீங்கள் கட்ட வேண்டியது ஏறத்தாழ 40,200. கையிலிருந்து 2,000 கொடுத்த பிறகு பாக்கி 200 ரூபாய் கூடியிருக்கிறது.

அதோடு, பழைய பாக்கி இருக்கிற வரைக்கும் புதிதாக வாங்குகிற அரைக் கிலோ பருப்புக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி.

நம் பாஷையில் சொன்னால் இது மூன்றரை ரூபாய் வட்டி, ஜிஎஸ்டி சேர்த்தால் நூற்றுக்கு நாலு ரூபாய்க்கு மேல். மூணு வட்டிக்குக் கடன் வாங்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிற மனிதர்கள், இது பேங்க் பெயரில் வருவதால் தயங்காமல் வாங்கிவிடுகிறார்கள். சட்டத்தில் உச்சவரம்பு ஏதாவது இருக்கும் என்றும் நம்பாதீர்கள். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது, அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது.

ஒரு நாள் லேட்டானா?

கடைசித் தேதி தாண்டி மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், அந்த மூன்று நாளுக்குள் கட்டிவிட்டால் அது கிடையாது. கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகப் போகும்படி எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. படிவத்தில் மொத்தத் தொகை என்று டிக் செய்யுங்கள், மினிமம் என்று அல்ல.

கார்டு தேய்ச்சா ரெண்டு பர்சென்ட் சேத்துக் கேக்கறாங்க. சரியா?

கடைக்காரர் பக்கம் இருந்து பார்ப்பவன் நான், அதனால் அவர்கள் நிலைமையையும் சொல்கிறேன். கார்டில் வாங்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் கடைக்காரருக்கு பேங்க் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டுதான் தருகிறது. வெள்ளியில் லாபமே கொஞ்சம், லீ பஜார் மொத்த வியாபாரத்தில் அதைவிடக் குறைவு, அதில் இரண்டு சதவீதம் போனால் அவருக்கு ஒன்றும் நிற்காது. அதனால் உங்கள் தலையில் போடுகிறார். டெபிட் கார்டுக்கு அப்படிக் கேட்கக் கூடாது. கிரெடிட் கார்டுக்குக் கேட்டால் நீங்கள் செய்ய வேண்டியது ஒரே கணக்கு: செலவுக்குப் பரிசாக உங்களுக்குக் கிடைக்கிற பாயிண்ட் பெரும்பாலும் ஒரு சதவீதம்கூட இருக்காது. இரண்டு கொடுத்து ஒன்று வாங்குவதற்குப் பதில் யுபிஐயில் கட்டிவிடுங்கள்.

ரூபே கிரெடிட் கார்டை 2022 முதல் யுபிஐயோடு இணைக்க முடிகிறது. சின்னக் கடையில் 2,000 ரூபாய் வரை அதற்குக் கடைக்காரருக்குப் பிடித்தம் இல்லை. டீக்கடை கியூஆரில்கூட கார்டுக் கடன் வேலை செய்யும். அதனாலேயே ஜாக்கிரதை, சில்லறைச் செலவெல்லாம் கடனாக ஏறும், பில் வந்த பிறகுதான் தெரியும். தனி ஆளுக்கு இதில் பணம் அனுப்ப முடியாது, கடைக்கு மட்டும்தான்.

கார்டுல ஏடிஎம்ல காசு எடுக்கலாமா?

வேண்டாம். எடுத்த உடனே ஒரு கட்டணம், எடுத்த நாளிலிருந்தே வட்டி, அவகாசம் ஒரு நாள்கூடக் கிடையாது.

நோ காஸ்ட் இஎம்ஐ நிஜமாவே வட்டி இல்லாததா?

வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது, ரிசர்வ் வங்கியே 2013-ல் பேங்குகளுக்கு இதை எழுதியிருக்கிறது. வட்டியை விலைத் தள்ளுபடியில் ஈடுகட்டுகிறார்கள். ரொக்கத்துக்கு என்ன விலை தருவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் அது குறையும். வட்டிக்கான ஜிஎஸ்டியும் பிராசஸிங் கட்டணமும் தனியாக பில்லில் வரும்.

சிபில் ஸ்கோருக்காகவாவது ஒரு கார்டு வேணும்னு சொல்றாங்களே?

கார்டு மட்டும்தான் வழி என்பது உண்மை இல்லை. நகைக்கடனை ஒழுங்காகக் கட்டினாலும், டூவீலர் கடனைத் தவணை தவறாமல் கட்டினாலும் அது பதிவாகும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறீர்களா என்று காட்டும் இந்த ஸ்கோர் 300 முதல் 900 வரை, 750-க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கடன் கேட்கத் தயக்கம் வேண்டாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று ஸ்கோர் போடும் நிறுவனங்கள் நாலு, ஒவ்வொன்றிலும் வருடம் ஒரு முழு அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். அதற்கு ஏஜென்டுக்கு 500 ரூபாய் கொடுக்கத் தேவையில்லை. தவறு இருந்தால் எழுதிக் கொடுங்கள், 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு உண்டு.

மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது, பங்காளிக்குக் கடன் வாங்கிக் கொடுத்தது எல்லாம் உங்கள் அறிக்கையில்தான் இருக்கும். அவர் கட்டாவிட்டால் அடி உங்களுக்கு.

சம்பளச் சீட்டு இல்லை, வீட்டுலதான் இருக்கேன். எனக்குக் கார்டு கிடைக்குமா?

கிடைக்கும். ஃபிக்ஸட் டெபாசிட் ஒன்றைப் போட்டு அதன் பேரில் கார்டு வாங்கலாம், டெபாசிட்டின் பெரும்பகுதி அளவுக்கு லிமிட் தருவார்கள், டெபாசிட்டுக்கு வட்டியும் ஓடும். வருமானம் ஏற்ற இறக்கமாக இருக்கிற யாருக்கும் கார்டு அவசியம் என்றால் நான் சொல்வது இதைத்தான், ஒருவேளை தவறிப்போனாலும் டெபாசிட்டோடு போகும். கணவர் கார்டில் துணைக் கார்டு வாங்கினால் அது அவர் கடன், உங்கள் பெயரில் வரலாறு சேராது.

கிசான் கிரெடிட் கார்டும் இதுவும் ஒண்ணுதானே?

பெயரில் மட்டும் ஒன்று. கிசான் கார்டு 1998-ல் விவசாயிக்காக வந்த பயிர்க்கடன். 3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம், தவணைக்குள் கட்டினால் 3 சதவீதம் கழித்து 4 சதவீதம்தான், அதுவும் வருடத்துக்கு. 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. அறுவடைக்குப் பிறகு கட்டுகிற மாதிரி தவணை இருப்பதால் தோட்டக்காரருக்கு இதுதான் பொருத்தம். தமிழ்நாட்டில் கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிக் காலத்தில் கட்டினால் வட்டியே இல்லை. மருந்துக்கும் உரத்துக்கும் கடையில் கிரெடிட் கார்டைத் தேய்த்துவிட்டு அறுவடைக்குக் காத்திருக்காதீர்கள், மாதம் 3.5 என்றால் அது வருடத்துக்கு 42 சதவீதம்.

கேக்காமலே கார்டு வீட்டுக்கு வந்துருச்சு.

கேட்காமல் கார்டு அனுப்புவது தப்பு. அதற்குக் கட்டணம் போட்டிருந்தால் ரத்து செய்வதோடு அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு உங்களுக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022 விதியிலேயே இருக்கிறது. ஓடிபி கேட்டு போன் வந்தால் கொடுக்காதீர்கள், ஓடிபி கொடுத்தால் அதையே உங்கள் சம்மதமாக எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சம்மதம் தராவிட்டால் அவர்களே செலவில்லாமல் மூடியாக வேண்டும்.

பாயிண்ட் காலாவதி ஆகுதுன்னு போன் பண்ணி, ஓடிபி வாங்கிப் பணத்தை எடுத்துட்டாங்க.

முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள், அந்த நிமிடமே. பிறகு பேங்கில் சொல்லி கார்டை முடக்குங்கள். அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு வேறு கணக்குக்கு மாறிக்கொண்டிருக்கும்.

நீங்கள் எதுவும் கொடுக்காமல், வெளியாள் யாரோ செய்த மோசடி என்றால், தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் பேங்குக்குச் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. நீங்களே ஓடிபி கொடுத்திருந்தால், பேங்குக்குச் சொல்கிற வரை போனது உங்கள் தலையில், சொன்ன பிறகு போனது பேங்க் தலையில். வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, அபராத நோட்டீஸ் என்று வருகிற ஏபிகே ஃபைலை (போனில் ஆப்பை ஏற்றிவிடும் ஃபைல்) திறக்க வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

பேங்குல புகார் கொடுத்தும் பதிலே இல்லை.

வாயால் சொன்னது புகார் ஆகாது. எழுத்தில் கொடுத்து நம்பர் வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரியான ஆம்புட்ஸ்மேனுக்கு ஆன்லைனில் போடலாம், கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

மூணு கார்டுல ஏற்கெனவே மாட்டியிருக்கேன். வெளியே வர வழி?

ஒரு கார்டில் எடுத்து இன்னொன்றில் கட்டுவதை இன்றே நிறுத்துங்கள். வீட்டில் சொல்லுங்கள், இதை மறைத்து வைத்தவர்கள்தான் அதிகம் சிக்கினார்கள். நகை இருந்தால் பொதுத்துறை பேங்கில் வைத்து கார்டை மூடிவிடுங்கள். நகைக்கடன் வட்டி வருடத்துக்கு 10 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும், கார்டு 42. நகை இல்லை என்றால் பாக்கியைத் தவணையாக மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், வட்டி பாதிக்கும் கீழே வர வாய்ப்பு உண்டு. குறைத்துக் கட்டி முடிக்கிற செட்டில்மென்டுக்குக் கடைசியாகப் போங்கள், அது சிபிலில் வடுவாக நிற்கும்.

வசூல் ஆள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூப்பிடக் கூடாது, பக்கத்து வீட்டிலும் சொந்தக்காரரிடமும் சொல்லி அவமானப்படுத்தக் கூடாது. செய்தால் பதிவு செய்து புகார் கொடுங்கள்.

கார்டை மூடணும்னு கேட்டா, தர்றேன் தர்றேன்னு இழுக்கறாங்க.

பாக்கி முழுவதையும் கட்டிவிட்டு, மூடச் சொல்லி இமெயிலிலோ ஆப்பிலோ கேளுங்கள், போனில் மட்டும் கேட்டால் சலுகை சொல்லி மனசை மாற்றுவார்கள். கேட்ட 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாண்டினால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்கு. அதற்கு முன் அந்தக் கார்டில் மாதா மாதம் தானாகப் போகிற கரண்ட் பில், ஓடிடி சந்தா எல்லாவற்றையும் வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மூடிய பிறகு பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி, ஒன்றிரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் அந்தக் கார்டு மூடியதாகப் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.